எடைக்கு வேலையில்லை

காக்ஸ் டவுனில் பிசிக்ஸ் ட்யூஷன் எடுக்கும் மௌரீனிடம், பக்கத்துத் தெரு பிலோமினா ஒரு தாளை நீட்டினாள்.

“பொண்ணோட கணக்கு மிஸ். அவளுக்கு வரமாட்டேங்குது.”

ஐந்து மீட்டர் உயரமுள்ள பாலத்திலிருந்து ஒரு பொருள் கிடைமட்டமாகத் தூக்கி எறியப்படுகிறது. பத்து மீட்டர் தள்ளி விழுகிறது. எடை அறுபத்திரண்டு கிலோ. எறியப்பட்ட வேகம் என்ன?

“யாரு குடுத்த கணக்கு இது? இதுல எடைக்கு வேலையே இல்லியே!” மௌரீன் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தாள். “அஞ்சு மீட்டர் விழ ஒரு செகண்ட் ஆகும். அந்த ஒரு செகண்டுல பத்து மீட்டர் போயிருக்கு. செகண்டுக்குப் பத்து மீட்டர், அவ்ளோதான்.”

“வண்டி மீட்டர்ல காட்டுமே, அந்த மாதிரி சொல்லுங்க மிஸ்.”

“மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர்.”

“அது ரொம்ப ஸ்பீடா?”

“நம்ம ஊரு ஆட்டோவே அதைவிட ஸ்பீடாப் போகும்.”

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப எம்பையன் மெதுவாத்தான் வந்திருக்கான். ‘சீக்கிரம் வாடா’ன்னு நான் போன்ல கத்தினதாலதான் பைக்கை விரட்டிட்டு வந்து, பாலத்துச் சுவத்துல மோதி, கீழ போய் விழுந்தான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் மிஸ்...”

மௌரீன், தான் அடித்த எடை வரியை மறுபடி பார்த்தாள்.

“கணக்கு சரிதானே மிஸ்?”

“நூத்துக்கு நூறு சரி.”

சுவரில் மோதிய பிறகு மிச்சமிருந்த வேகம்தான் அது என்பதை மௌரீன் சொல்லவில்லை.