வெறும் வயிறு

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே டாக்டரம்மாவின் மேசையில் கோடு கோடாக விழுகிறது. இருபத்தாறு வருடமாக நோயாளிகளுக்குப் புரிகிற தமிழில் மருந்துக் குறிப்பு எழுதுகிறவர் அவர். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் யாரையாவது வாசிக்கவைத்துக் கேட்பார். இன்று வாசிப்பவர் தையல்காரம்மா. ஆறு மாதமாக மாத்திரை போட்டும் அவருடைய தைராய்டு சீராகவில்லை. அளவைக் கூட்டி எழுதப் பேனா திறந்தபடி இருக்கிறது. நர்ஸான நான் இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு பக்கத்தில் நிற்கிறேன். தையல்காரம்மாவின் விரல் வரியின் மேல் தையல் போடுவதுபோல் நகர்கிறது. "'காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடவும்.' அப்படித்தானே போடறேன், டீயோட."

"டீ குடிச்சா அப்புறம் வெறும் வயிறு ஏதும்மா?" என்று கேட்கிறேன்.

"அட, டீயெல்லாம் ஒரு சாப்பாடா? நல்லா கேட்டீங்க போங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, தான் எழுதிய வரியையே பார்க்கிறார். "தப்பு உங்க மேல இல்ல, இந்த வரி மேலதான்" என்று அதை அடிக்கிறார். இத்தனை வருட எழுத்தை இவ்வளவு நிம்மதியாக அடிக்க இவரால்தான் முடியும். "நீங்களா இருந்தா எப்படிச் சொல்வீங்க?"

"மாத்திரைய வெறும் தண்ணியில முழுங்கு. ஒரு மணி நேரம் டீ பக்கமே திரும்பாதே."

ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதிக்கொள்கிறார். "பழைய அளவே இருக்கட்டும். ஆறு வாரம் இப்படிப் போட்டுட்டு வாங்க." தையல்காரம்மா தாளை வாங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய், காத்திருப்பவர்களுக்கு உரக்க வாசிக்கிறார். "நான் சொன்னதுதான், டாக்டரே எழுதிட்டாங்க!" பெஞ்சின் கோடியில் ஒருவர் பாதி டீயோடு தம்ளரைக் கீழே வைக்கிறார்.