வீணாய்ப் போன ரத்தம்

"எடுத்த ரத்தத்தைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா? எதுக்கும்மா இந்த வேலைக்கு வர்றீங்க?"

ரத்தப் பரிசோதனைக் கூடமே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எதிரே, ரத்தம் எடுக்கும் பெண் கையுறையைக்கூடக் கழற்றாமல் தலைகுனிந்து நின்றாள்.

முந்தின நாள் அவள்தான் போன் செய்தாள். சாம்பிள் வீணாகிவிட்டது, பத்து மணிக்கு வந்து மறுபடி கொடுங்கள் என்று. மனுஷன் ஒன்பதரைக்கே வந்து பிடித்துக்கொண்டார்.

கூட மனைவியும் வந்திருந்தாள். பத்து நாள் முன்பு, சட்டைப் பொத்தான் போடும்போது அவருக்கு வலது கை மரத்துப்போனது. ஐந்தே நிமிஷம், சரியாகிவிட்டது. ஆனால் டாக்டர், கொழுப்போடு இன்னொன்றையும் பார்க்கச் சொல்லி, அன்றே இங்கே ரத்தம் கொடுக்க அனுப்பினார். ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி இருந்தால் ஒரு நொதி ரத்தத்தில் கூடுமாம். அது கூடினால் பக்கவாத பயமும் கூடுமாம்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. தினமும் கணவரைக் கேட்பாள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்பார்.

"பத்து நாள் போச்சேம்மா. அதுக்குள்ள இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?" அவளும் தன் பங்குக்குக் கேட்டாள்.

அந்தப் பெண் ஊசியை எடுக்கவில்லை. இருவரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள்.

உள்ளே டாக்டர் காத்திருந்தார். மேஜையில் ரிப்போர்ட். அதில் போன வாரத் தேதி.

"நொதி நிறையவே கூடியிருக்கு. கழுத்து ரத்தக்குழாயை இன்னிக்கே ஸ்கேன் பண்ணணும். நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க."

மனைவி குழம்பிப்போய் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அப்போ சாம்பிள் வீணாகலையா?"

"இல்லம்மா. ரிப்போர்ட் வந்துடுச்சு, டாக்டரைப் பாருங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் சார் போனை வெச்சுட்டாரு."

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். "ஏதாவது இருந்தா வண்டியைக் குடுக்க மாட்டாங்களேன்னு..." என்று முணுமுணுத்தார்.

"அதான் பொய் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண், கையுறையைக் கழற்றியபடி. "ரிப்போர்ட் வாங்க வாங்கன்னா பயந்துக்கிட்டு யாரும் வர்றதில்லைம்மா. எங்களைத் திட்டணும்னா மட்டும் அரை மணி முன்னாடியே வந்துடறாங்க."