இரண்டே முக்கால் வயதில்

"முதல் வார்த்தை எந்த வயசுல வந்துச்சு? அவசரமே இல்ல, யோசிச்சு சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

அவள் யோசிக்கவேயில்லை. "ரெண்டே முக்கால் வயசுல. அம்மான்னான்."

எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வந்துவிடும். மருத்துவர் எழுதிக்கொண்டார். எழுதிய கையோடு இரண்டு தாள்களைப் பின்னால் புரட்டினார். சின்னப் பெண்தான், ஆனால் பொல்லாத கண்.

மூடிய கதவுக்கு வெளியே ஒரு காலடிச் சத்தம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தது. கதவோ மெல்லிய பலகை. உள்ளே பேசுவது வெளியே கேட்குமோ என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தாகம் எடுத்தா உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் தண்ணிப் பாத்திரத்து மேல வைப்பான்னு சொன்னீங்க. அது மூணரை வயசுலன்னு எழுதியிருக்கேன். கூப்பிடத் தெரிஞ்ச பிள்ளை ஏன் கையை இழுக்கணும்?"

பிள்ளைகள் என்றால் அப்படித்தான், ஒருநாள் பேசும், ஒருநாள் பேசாது என்று மழுப்பினாள். மருத்துவர் விடுவதாக இல்லை. பேனாவை மூடி வைத்தார். இந்தப் பதில்களை வைத்துத்தான் ஆட்டிசமா இல்லையா என்று முடிவு சொல்லப் போவதாகவும், பேச்சு எப்போது, எப்படி வந்தது என்பது தப்பாகப் போனால் முடிவே தப்பாகிவிடலாம் என்றும், அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் அவளை விட்டால் வேறு யாரும் இல்லை என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அவனுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரு மனம் இடித்தது. இத்தனை நாள் கட்டிக்காத்ததைப் போட்டு உடைப்பதா என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது.

"உண்மையைச் சொன்னா வீட்ல தெரிஞ்சுடுமா?"

"அறிக்கை வீட்டுக்குத்தான் வரும். அதுல எதையும் மறைக்க முடியாது."

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது. அது மறுபடி நகர்ந்து போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவன் அம்மான்னு சொல்லவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். மூணு வயசு முடியறதுக்குள்ள பேசலைன்னா பேச்சு வராத பிள்ளைங்களை வைக்கிற விடுதியில கொண்டுபோய் விட்டுடணும்னு அவங்கப்பா ஒத்தைக்கால்ல நின்னார். தேதிகூடக் குறிச்சாச்சு. அன்னிக்கு அவர் வேலை விட்டு வந்ததும், காலையில என்னை அம்மான்னு கூப்பிட்டான்னு சொல்லிட்டேன். எங்கே, என் முன்னாடி ஒருதரம் சொல்லச் சொல்லுன்னார். தூங்கறான், எழுப்பாதீங்கன்னேன். அப்புறமும் அவர் கேட்டப்பல்லாம் இப்படியே ஏதாவது சாக்கு சொல்லி விடுதியைத் தள்ளிப்போட்டேன்."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. மனதில் இருந்ததெல்லாம் கொட்டியது. உண்மையில் பேச்சு வந்தது நாலு வயதை நெருங்கும்போது. அதுவும் ஒற்றை வார்த்தையாக இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்து, "படியில நிக்காதீங்க, உள்ளே போங்க" என்றான். பஸ் கண்டக்டரின் அதே குரல், அதே எரிச்சல். அம்மா என்று கூப்பிட அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆனது.

மருத்துவரின் முகம் மலர்ந்தது. சில குழந்தைகள் இப்படித்தான் கேட்ட வாக்கியத்தை முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதைப் பிய்த்துத் தனித்தனி வார்த்தையாக்குவது பிறகுதான், தனக்கு வேண்டியதும் இந்த விவரம்தான் என்றார். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

மருத்துவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே வந்தது அவளுடைய மகன். அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறவர். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தானே நேரம் கேட்டு வாங்கியவர். அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆன பிறகும், உன் முதல் வார்த்தையே அம்மாதான் என்று அவரிடம் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

"வெளியே எல்லாம் கேட்டுச்சு. அது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார் அவர், வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்காமல். "கட்டிலுக்கடியில முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன். அப்பவே அப்பாகிட்ட சொல்லியிருப்பேன். நல்லவேளை, எனக்குப் பேச்சு வரலை."