கடைசிக் கம்பு

புதிதாகக் கட்டும் ஒரு வீட்டில், கான்கிரீட் தளத்துக்கு முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகளில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"இன்னைக்கு என்னையும் எடுத்துடுவாங்க. நான் நகர்ந்தா நீ இடிஞ்சு விழுந்துருவே, தம்பி" என்றது அது.

தளம் பதறிக் கீழே பார்த்தது. நேர் கீழே சித்தாளின் கைக்குழந்தை சாக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இருபத்தொரு நாள் தண்ணி குடிச்சு இறுகியிருக்கேனே, அண்ணே?"

"இறுகிக் கிழிச்சே! உன்னைத் தாங்குறது நானாக்கும்."

மேஸ்திரி சுத்தியலோடு வந்தார்.

"ஐயோ, வேண்டாம்! முதல்ல பிள்ளையைத் தூக்குங்க!" என்று தளம் அலறியது. அவர் காதில் விழவில்லை.

சுத்தியலை ஓங்கியவர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் சாய்ந்து நின்ற கம்பின் தலைக்கும் தளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

"இது எத்தனை நாளா சும்மா நிக்குது?" என்று சிரித்தபடி, கம்பை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு போனார்.