தொண்ணூற்றொன்பது

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் ஜாக்சனும் அவன் மனைவி விஜிலாவும் இமயமலையில் ட்ரெக்கிங் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை, பதினாலாயிரம் அடி உயரத்தில் இருந்த முகாமில் விஜிலாவுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை வழிகாட்டி அவள் விரலில் மாட்டினார். அறுபத்தெட்டு என்று காட்டியது. விடிந்ததும் கீழே இறங்கிவிட வேண்டும் என்றார்.

காலையில் ஜாக்சன் பைகளைக் கட்டினான். "ஏளா, இறங்கிருவோம். உசுருதான் முக்கியம்."

"எனக்கு இப்ப ஒண்ணுமில்லங்க. இத்தன வருஷமா உப்புக் காத்தையே பாத்தாச்சு. பனியத் தொடாம வரமாட்டேன்" என்றாள் விஜிலா. முகம் தெளிவாக இருந்தது.

வழிகாட்டி மறுபடியும் கருவியை மாட்டினார். தொண்ணூற்றொன்பது. கிளம்பும் முன் தூத்துக்குடியில் பார்த்தபோதுகூட அவளுக்குத் தொண்ணூற்றேழுதான் இருந்தது. வழிகாட்டி தன் விரலில் மாட்டிப் பார்த்தார். எண்பத்தாறு. ஜாக்சனுக்கு எண்பத்திரண்டு. திரும்பவும் அவளுக்குத் தொண்ணூற்றொன்பது.

"இந்த உயரத்தில் யாருக்கும் இப்படி வராது" என்று வழிகாட்டி இந்தியில் மெல்லச் சொன்னார். அதற்குள் விஜிலா தனியாக மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

"நில்லுளா!" என்று கத்தினான் ஜாக்சன். குளிரில் அவன் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. பக்கத்தில் நின்ற எல்லோர் வாயிலிருந்தும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

விஜிலா திரும்பிச் சிரித்தாள். "வாங்க, இங்கன குளிரே இல்ல. மூச்சும் வாங்கல."

அவள் பேசி முடிக்கும்வரை அவன் அவள் வாயையே பார்த்தான். புகை வரவில்லை.

அவள் கையை நீட்டினாள். ஜாக்சனின் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது.