தழும்பில்லாத முகம்

குவாதலஹாரா நகரின் சித்திரக்கதை விழா அரங்கில் புதுப் படத்தின் முன்னோட்டம் முடிந்து திரை வெளுக்கிறது. கைதட்டலும் கூச்சலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. சாகச வீரன் பிராசா முகமூடியைக் கழற்றியபோது, மூலச் சித்திரக்கதைப் புத்தகத்தில் வெந்து சுருங்கியிருக்கும் அவன் கன்னம் படத்தில் வழவழவென்று இருந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "கதையையே கொன்னுட்டாங்கடா!" என்கிறான் ஒருவன். "சும்மா இருடா, ஆளு என்ன அழகு!" என்கிறாள் பின்வரிசைப் பெண். கேள்வி நேரம் தொடங்கியதும், பார்வையாளர் வரிசையின் இருட்டில் எழுந்து நிற்கும் இளைஞன் ரெமிஹியோவின் கைக்கு ஒலிவாங்கி வருகிறது. முன்பு பட்டாசுப் பட்டறையில் வெந்த அவனுடைய இடது கன்னம் பேச வாயெடுத்ததும் இழுக்கிறது.

"தழும்பை ஏன் சார் எடுத்தீங்க?"

மேடை வெளிச்சத்தில் கண் கூசும் இயக்குநர், கேட்டது யாரென்று தெரியாமலே சிரிக்கிறார். "அப்படி ஒரு முகத்தை ரெண்டு மணி நேரம் யாரு தம்பி பார்ப்பாங்க?"

பாதி அரங்கு சிரிக்கிறது. அப்போதுதான் விளக்குக்காரர் வட்ட வெளிச்சத்தைக் கேள்வி கேட்டவன் பக்கம் திருப்புகிறார். அது நாற்காலிகள்மேல் ஊர்ந்து வந்து ரெமிஹியோவின் முகத்தில் நிற்கிறது. சிரிப்பு வரிசை வரிசையாக அடங்குகிறது. இயக்குநர் குனிந்து தண்ணீர்க் குவளையைத் தேடுகிறார். பதறிய விளக்குக்காரர் வெளிச்சத்தை நகர்த்தப் போகிறார்.

"எடுக்காதீங்கண்ணே, இருக்கட்டும்," என்கிறான் ரெமிஹியோ. அவன் கண்களை மூடவில்லை. "ரெண்டு மணி நேரம் வேணாம் சார். ஒரு நிமிஷம் பாருங்க."

இயக்குநரின் தலை மெல்ல நிமிர்கிறது.