இடது சுண்டுவிரல்

சகாயமேரி சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தபோது வருகைப் பதிவு மெஷினில் வலது கட்டைவிரலைத்தான் பதித்தாள். சரக்கு வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது அவள் வேலை. பிடி உடைந்து டேப் சுற்றிய பிளேடு, பெட்டியைத் தாங்கும் கையையும் வெட்டும், தன்னைப் பிடித்திருக்கும் கையையும் வெட்டும். ஒரே மாதத்தில் கட்டைவிரலில் தழும்பு விழுந்தது. மெஷினுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ரேகை விழாவிட்டால் அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம்.

"அதுக்கென்ன, வேற விரல வைம்மா" என்றார் சூப்பர்வைசர் ஞானசேகர்.

வைத்தாள். அதுவும் வெட்டுப்பட்டது. அடுத்ததை வைத்தாள். மூன்று வருடத்தில் மிஞ்சியது இடது சுண்டுவிரல் மட்டும்தான். அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டே இப்போதெல்லாம் பெட்டி பிரிக்கிறாள்.

இன்று காலை வாய்விட்டுக் கேட்டே விட்டாள். "ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் குடுங்க சார். இதுவும் போச்சுன்னா நான் எதக் கொண்டுபோய் வைக்கிறது?"

ஞானசேகர் உண்மையாகவே கவலைப்பட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"கால்விரல எடுக்குமான்னு மெஷின்காரன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

சகாயமேரி செருப்புக்குள் கால்விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.